பெயரோடு நடுங்கள்

போரில் இறந்தவர்களுக்கு நம் குப்பத்தில் ஒரு கல் வைக்கப் போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். நன்கொடைப் புத்தகம் அச்சடித்தாயிற்று, கல்லுக்கு முன்பணம் கொடுக்க ஆள் கிளம்பப் போகிறது என்றும் சொன்னார்கள். நல்ல காரியம், மனசார வாழ்த்துகிறேன். பழவேற்காட்டு ஏரியைச் சுற்றிக் கோயில் இருக்கிறது, மாதா கோயில் இருக்கிறது, பள்ளிவாசல் இருக்கிறது. ஊரை விட்டுப் போய்த் திரும்பாதவர்களுக்கும் ஓர் இடம் வேண்டும் என்று இந்த வயதில் உங்களுக்குத் தோன்றியதே பெரிது.

கல் எத்தனை அடி, மேலே சிலை வைக்கலாமா, சிலையின் கையில் துப்பாக்கி எப்படி இருக்க வேண்டும் என்று பேச்சு நடக்கிறதாம். அதெல்லாம் பிறகு. பொன்னேரியில் பிள்ளைகளுக்குச் சரித்திரம் சொல்லிக்கொடுத்த கிழவன் என்ற உரிமையில் ஒன்று கேட்கிறேன். யார் யாருக்காக இந்தக் கல்? பெயர்களைச் சொல்லுங்கள். சொல்ல முடியவில்லை என்றால் முன்பணத்தை நிறுத்தி வையுங்கள். பட்டியல் முடிந்த பிறகு கல்லுக்குப் போகலாம்.

இவ்வளவு கண்டிப்பாகச் சொல்வதற்கு என் வீட்டிலேயே காரணம் இருக்கிறது.

என் ஆயாவின் மச்சாண்டார், அதாவது என் தாத்தாவுக்கு அண்ணன், முதல் உலகப் போருக்குப் போனவர். துப்பாக்கி பிடிக்கப் போகவில்லை. படகு தெரிந்த ஆள், மூட்டை தூக்கும் உடம்பு என்று சேர்த்துக்கொண்டு போனார்களாம். பஸ்ராவில் இறங்கியது வரை வீட்டுக்குத் தெரிந்தது, அதற்கு மேல் சேதி இல்லை. பஸ்ரா இன்றைய ஈராக்கின் துறைமுகம். 1914 நவம்பரில் பிரிட்டிஷ் இந்தியப் படை அங்கே இறங்கியது. டைகிரிஸ் ஆற்றில் மேலே ஏற ஏற, சோறும் குண்டும் காயம்பட்டவர்களும் படகில்தான் போய்வர வேண்டியிருந்தது. அதற்கென்றே உள்நாட்டு நீர்ப் போக்குவரத்துப் படை என்று ஒன்று நடத்தினார்கள். சுமைகூலிகளுக்கும் தொழிலாளர்களுக்கும் தனித்தனிப் படைகள் இருந்தன. சண்டையில் செத்ததைவிடக் காய்ச்சலிலும் பேதியிலும் வெயிலிலும் செத்துப்போனவர்கள் அங்கே ஏராளம்.

செத்தவர்களுக்குப் படையல் போடும் நாளில் ஆயா எல்லோருக்கும் இலை போட்டுவிட்டு, கடைசியில் ஓரமாக இன்னும் ஓர் இலை போடுவார். அதிலும் சோறு, மடவை மீன் குழம்பு, பக்கத்தில் ஒரு சுருட்டு. விரலால் தண்ணீர் தெளித்து, "வாங்க பஸ்ராக்காரரே, சாப்பிடுங்க" என்பார். எனக்கு அப்போது எட்டு, ஒன்பது வயது இருக்கும். "அவர் பேரு இன்னா ஆயா?" என்று கேட்டேன். "மச்சாண்டார் பேரை நான் சொல்லக் கூடாதுடா கண்ணு" என்றார். உங்களுக்குச் சிரிப்பாக இருக்கலாம். அந்தக் காலத்துப் பெண்கள் புருஷன் பெயரையும் சொல்ல மாட்டார்கள், புருஷனுக்கு மூத்தவர் பெயரையும் சொல்ல மாட்டார்கள். சொன்னால் மரியாதைக் குறைவு. பெயர் தெரிந்த தாத்தா நான் பிறப்பதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். பஸ்ராக்காரர் கப்பலேறிய பிறகு பிறந்தவர் என் நைனா, அவருக்கும் 'பஸ்ரா பெரியப்பா'தான். ஆயாவும் போன பிறகு கேட்பதற்கு ஆள் இல்லை.

இப்படியாக ஒரு மனிதருக்கு நாற்பது வருஷம் இலை போட்டோம், பெயர் மட்டும் இல்லை. மரியாதையே அந்தப் பெயரை விழுங்கிவிட்டது. நம் பக்கத்தில் இன்னும் எத்தனை வீட்டில் இது நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

வீட்டில் போனது சர்க்காரிடமாவது இருந்திருக்க வேண்டுமே என்று கேட்பீர்கள். அங்கே என்ன நடந்தது என்பதற்கு வேலூர் வரை போய் வாருங்கள். லாங் பஜார் மணிக்கூண்டில் ஒரு கல்வெட்டு பதித்திருக்கிறார்கள். இந்த ஊரிலிருந்து 277 பேர் பெரும் போருக்குப் போனார்கள், அவர்களில் 14 பேர் உயிர் கொடுத்தார்கள் என்று ஆங்கிலத்தில் இருக்கிறது. அவ்வளவுதான் வாசகம். இதே வாசகத்தோடு, எண்ணை மட்டும் மாற்றி, இந்தியாவின் பல ஊர்களில் அன்றைய அரசாங்கம் கல் பதித்தது. கோட்டையும் சிப்பாய்க் கலகமும் கண்ட வேலூரைக்கூட அந்தக் கல் ஒரு கிராமம் என்றே சொல்கிறது. எல்லா ஊருக்கும் ஒரே அச்சு, எண்ணுக்கு மட்டும் இடம் விட்டு.

அந்தக் கல்லின் முன்னால் ரொம்ப நேரம் நின்றிருக்கிறேன். சந்தைக்குப் போகிற கூட்டம் இரண்டு பக்கமும் ஓடிக்கொண்டே இருக்கிறது. 14 பேர். அந்தப் பதினான்கில் ஒருவர்தான் தன் கொள்ளுத்தாத்தா என்று யாராவது தினமும் அதைக் கடந்து போய்க்கொண்டிருக்கலாம். அவருக்கு அது தெரிய வழியில்லை, கல்லும் சொல்லாது. வேலூர்ப் பக்கம் ராணுவத்துக்குப் பேர்போனது. பக்கத்திலிருக்கும் கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்கிறார்கள், தலைமுறை தலைமுறையாக வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்குப் பிள்ளை அனுப்பிய ஊர். அப்படிப்பட்ட மண்ணிலேயே கணக்குதான் கல்லில் ஏறியது. நம் மாதிரிக் குப்பங்களைக் கேட்க வேண்டுமா?

முதல் உலகப் போரில் இந்தியாவிலிருந்து 13 லட்சம் பேருக்கு மேல் போனார்கள். சுமார் 74,000 பேர் திரும்பவில்லை. டெல்லியில் இந்தியா கேட் இருக்கிறதே, 1921இல் அடிக்கல் போட்டு 1931இல் திறந்தது, அதில் பொறித்திருக்கும் பெயர்கள் 13,000 சொச்சம். மற்றவர்கள் வேறு வேறு நாட்டில், வேறு வேறு கல்லில். பஸ்ராவில் பெரிய நினைவுச் சின்னம் ஒன்று எழுப்பினார்கள். உடல் கிடைக்காத, கல்லறை தெரியாத 40,000 பேருக்கு மேற்பட்டவர்களுக்கு அது. வெள்ளைக்காரச் சிப்பாய்க்கு அதில் பெயர் உண்டு. இந்தியர்களில் அதிகாரிகளுக்குப் பெயர் உண்டு. சாதாரண இந்தியச் சிப்பாய்க்கும் கூலிக்கும்? படைப்பிரிவின் பெயர், அதன் பக்கத்தில் 'இத்தனை பேர்' என்று எண். பஸ்ராக்காரரைத் தேடி நான் அந்தக் கல்லுக்கே போயிருந்தாலும் ஓர் எண்ணைத்தான் தடவிப் பார்த்துவிட்டு வந்திருப்பேன்.

அதைக் கட்டிய ஆணையம் 1917இல் தொடங்கியபோது ஒரு நல்ல கொள்கை வைத்திருந்தது. செத்த பிறகு பதவி வித்தியாசம் கிடையாது, ஜெனரலுக்கும் சிப்பாய்க்கும் ஒரே அளவுக் கல், எல்லோர் பெயரும் எங்காவது நிலைத்திருக்கும்படி பொறிக்க வேண்டும் என்பது அது. ஐரோப்பாவில் அதைக் கடைப்பிடித்தார்கள். பிரான்சில் நூவ் ஷப்பெல் என்ற இடத்தில் 1927இல் திறந்த சின்னத்தில் நாலாயிரத்துக்கு மேற்பட்ட இந்தியர்கள் பெயரோடு இருக்கிறார்கள். கிழக்கே வந்ததும் கொள்கை நழுவிவிட்டது. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் என்று இப்போது அதற்குப் பெயர். 2021 ஏப்ரலில் அதுவே ஓர் அறிக்கை வெளியிட்டு மன்னிப்புக் கேட்டது. இந்தியர்கள், ஆப்பிரிக்கர்கள், எகிப்தியர்கள் என்று 45,000 முதல் 54,000 பேர் வரை மற்றவர்களுக்குச் சமமாக நினைவுகூரப்படவில்லை என்றும், குறைந்தது 1,16,000 பேர் பெயரோடு குறிக்கப்படவில்லை, அல்லது குறிக்கப்படவே இல்லை என்றும் அந்த அறிக்கை சொன்னது. நூறு வருஷம் கழித்தாவது ஒப்புக்கொண்டார்கள், அதை நான் மதிக்கிறேன். ஆனால் நூறு வருஷத்தில் பெயர் தெரிந்த ஆயாக்கள் எல்லோரும் போய்விட்டார்கள்.

கல் வைப்பதை வெள்ளைக்காரனிடம் கற்றுக்கொள்ள வேண்டிய நிலையில் நாம் என்றும் இருந்ததில்லை. நடுகல் எடுப்பதை ஆறு கட்டமாகத் தொல்காப்பியம் சொல்கிறது: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து. தகுந்த கல்லைத் தேடிப் பார்ப்பதில் தொடங்கி, அதைக் கொண்டுவந்து, நீராட்டி, நட்டு, படையலிட்டு, வாழ்த்துவது வரை முறை வைத்திருக்கிறார்கள். மயிற்பீலி சூட்டுவதும் கள் படைப்பதும் சங்கப் பாட்டுகளில் வரும் வழக்கம். தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006இல் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் தமிழ்ப் பிராமி எழுத்துள்ள மூன்று நடுகற்களைக் கண்டெடுத்தார்கள். இரண்டாயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட கற்கள். அவற்றில் ஒன்று ஆநிரை கவரும் பூசலில் செத்த ஒருவனுக்கு. கல்லில் இருப்பது ஒரு சில சொல்தான், இடம் அவ்வளவு குறைவு. அந்தக் குறைந்த இடத்திலும் அவன் பெயர் இருக்கிறது, அந்தவன் என்று. எந்த ஊர்ப் பூசல் என்பதும் இருக்கிறது.

அதைவிட எனக்கு நெருக்கமான கல் திருவண்ணாமலை மாவட்டத்து எடத்தனூரில் இருக்கிறது. முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டு, அதாவது 7ஆம் நூற்றாண்டின் தொடக்கம். மாடு பிடிக்க வந்த கள்வர்களோடு சண்டையிட்டுச் செத்த கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு நட்டது. வில்லும் கையுமாக அவன் நிற்கிறான், கூடவே ஒரு நாய். அந்த நாய் இரண்டு கள்வர்களைக் கடித்துக் காவல் நின்றதைக் கல் எழுதி வைத்திருக்கிறது. நாயின் பெயரையும் எழுதியிருக்கிறது. கோவிவன்.

ஆயிரத்து நானூறு வருஷத்துக்கு முன் மாடு மேய்க்கிற ஓர் ஊர் தன் நாயின் பெயரைக் கல்லில் வெட்டியது. 20ஆம் நூற்றாண்டில் உலகத்தின் பெரிய சாம்ராஜ்யம் அதே வட தமிழ்நாட்டு மனிதர்களுக்கு எண் போட்டது. எடத்தனூர்க்காரர்களுக்குத் தாங்கள் இழந்தது யாரை என்று தெரியும். கல்லை நட்டவர்கள் செத்தவனின் ஊர்க்காரர்கள், அவனைத் தொட்டுப் பேசியவர்கள். வேலூர்க் கல்லின் வாசகத்தை எழுதியவருக்கு அந்தப் பதினான்கு பேரில் ஒருவரையும் தெரிந்திருக்காது. நீங்கள் எடத்தனூர்க்காரர்கள் மாதிரி நட வேண்டும்.

நம் ஏரிக்கரையிலேயே இதற்குப் பாடம் இருக்கிறது, தினமும் கடந்து போகிறீர்கள். டச்சுக்காரர் கல்லறையைச் சொல்கிறேன். வாசலில் இரண்டு எலும்புக்கூட்டுச் சிற்பம் நிற்குமே, சின்ன வயதில் அதைக் காட்டித்தான் உங்களைப் பயமுறுத்தியிருப்பார்கள். 1613இல் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டி உட்கார்ந்தவர்கள் தங்கள் செத்தவர்களுக்கு வைத்த கற்கள் உள்ளே இருக்கின்றன. பெயர், தேதி, குடும்பச் சின்னம் எல்லாம் ஆழமாக வெட்டியிருக்கிறது. கிட்டத்தட்ட நானூறு வருஷ உப்புக்காற்றுக்குப் பிறகும் விரல் வைத்தால் எழுத்து தட்டுப்படுகிறது. மத்தியத் தொல்லியல் துறை வேலி போட்டுக் காக்கிறது, காக்கட்டும். ஆனால் அதே காலத்தில் இங்கே டச்சுக்காரர்களின் வெடிமருந்து ஆலை நடந்தது. பழவேற்காட்டில் செய்த மருந்து கப்பலேறிக் கீழ்த்திசைப் போர்களுக்கெல்லாம் போனது. அதை இடித்துக் கலந்த கைகள் யாருடையவை? இந்தக் கரையிலிருந்து ஆயிரக்கணக்கானவர்களை அடிமைகளாகப் பத்தாவியாவுக்கு, இன்றைய ஜகார்த்தாவுக்கு, கப்பலேற்றினார்கள். அவர்களுக்கு எந்த வேலிக்குள் கல் இருக்கிறது? ஒரே கரை, ஒரே காலம். ஒரு பக்கம் பெயர் இருக்கிறது, இன்னொரு பக்கம் மணல்தான்.

சயாமிலும், அதாவது இன்றைய தாய்லாந்திலும், இதே கதைதான். ஜப்பான்காரர்கள் 1942-43இல் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டார்கள். பாதை போட்டதில் போர்க் கைதிகள் 12,000 பேருக்கு மேல் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்கள் சுமார் 90,000 பேர் இறந்திருப்பார்கள் என்பது கணிப்பு. மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன தமிழர்கள் அதில் பல்லாயிரம். காஞ்சனபுரியில் கைதிகளின் கல்லறை புல் வெட்டி, பூச்செடி வைத்து, அழகாக இருக்கிறது. கிட்டத்தட்ட 7,000 பேர், பெரும்பாலும் ஆளுக்கொரு பெயர்ப் பலகை. அதில் டச்சுக்காரர்கள் மட்டும் 1,900 பேர். நம் தமிழர்கள் செத்த இடத்திலேயே காட்டோடு காடாகப் போனார்கள். கைதிகளுக்குப் படைப் பதிவேடு இருந்தது, போர் முடிந்ததும் தேடிக்கொண்டு வந்து கணக்குப் பார்த்தார்கள். தோட்டக் கூலிக்குப் பட்டியல் வைத்திருந்தவர்கள் யாரும் தேடி வரவில்லை.

ஆகவே பட்டியல். அதை எழுதுவது நமக்குப் புதிய வேலையா என்ன? ஏரியில் இறால் பாட்டுக்கு, அதாவது யார் எங்கே எந்த நாள் வலை போடுவது என்பதற்கு, முறை வைக்கும்போது தலைக்கட்டுப் பெயர் ஒன்று விட்டுப்போனால் ஊரே கூடிவிடும், அந்தப் பெயரைச் சேர்க்காமல் வலை இறங்காது. யாருக்கு எந்த நாள் பாடு என்பதைத் தலைமுறையாகப் பிசகாமல் காப்பாற்றியவர்கள் நாம். அந்தக் கண்டிப்பு செத்தவர்கள் விஷயத்திலும் வர வேண்டும்.

முதலில் ஊரின் கிழவிகளிடம் போங்கள். ஆண்களிடம் கேட்டால் எந்த ரெஜிமெண்ட், எந்தச் சண்டை என்று ஆரம்பித்துக் கடைசியில் சினிமாவில் பார்த்ததைச் சொல்வார்கள். பெண்களுக்குத்தான் யார் எந்த மழைக்கு முன்னால் போனான், எந்தக் குழந்தை அப்போது வயிற்றில், மணியார்டர் எந்த மாசத்தோடு நின்றது என்பதெல்லாம் தெரியும். புருஷன் பெயர் சொல்லத் தயங்குகிற பாட்டி இன்றும் இருப்பார். வற்புறுத்த வேண்டாம், அவர் பேத்தியைப் பக்கத்தில் உட்கார வைத்துக் காதில் சொல்லச் சொல்லுங்கள். பழைய டிரங்குப் பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். பென்ஷன் புத்தகம், மெடல், கிழிந்த கவர், கவரின் மேல் ஒரு நம்பர். அந்த நம்பர் ரொம்ப முக்கியம். படை எண் கையில் இருந்தால் திருவள்ளூரில் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் விசாரிக்கலாம். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் பழைய காகிதங்கள் இருக்கின்றன. கல்லறை ஆணையத்தின் பட்டியல் இணையத்தில் எல்லோருக்கும் திறந்திருக்கிறது, கைப்பேசியிலேயே பெயர் போட்டுத் தேடலாம். ஆங்கிலக் குமாஸ்தா நம் பெயர்களைக் கண்டபடி எழுதியிருப்பான் என்பதை மனதில் வைத்துக்கொண்டு, நாலைந்து விதமாக எழுத்துக்கூட்டித் தேடுங்கள்.

பட்டியலில் யார் வருவார்கள் என்பதில் சண்டை வரும், இப்போதே சொல்லிவிடுகிறேன். சிப்பாய் மட்டும்தான் வீரன் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். படகு தள்ளினவன், சமைத்தவன், மூட்டை தூக்கினவன், கப்பலில் கரி அள்ளிப்போட்டவன், எல்லோரும் அதே போரில்தான் செத்தார்கள். பட்டாளத்துக்குப் போய் ஒரு காலோடு திரும்பி, பத்து வருஷம் கழித்து வீட்டில் செத்தவரும் வரட்டும். மேலே வாசகம் எழுதும்போது வீரம், தியாகம் என்று பெரிய சொற்களை அடுக்காதீர்கள். பஸ்ராக்காரர் நாட்டுக்காகப் போனாரா, கூலிக்காகப் போனாரா, அந்த வருஷம் ஏரியில் பாடு இல்லாததால் போனாரா, எனக்குத் தெரியாது. போனார், திரும்பவில்லை. அது போதும் கல்லுக்கு.

கடலில் போனவர்களையும் சேர்க்கலாமா என்று உங்களில் ஒருவர் கேட்டாராம். நல்ல கேள்வி. உடல் கிடைக்காத சாவு என்றால் என்ன என்று கடற்கரைக்காரனுக்குச் சொல்லித்தர வேண்டாம். தை மாசக் கடலில் போன மகனுக்காக வருஷக்கணக்கில் வாசலில் விளக்கு வைத்த தாய்மார்களைப் பார்த்திருக்கிறேன். 2004 டிசம்பர் 26 சுனாமியைப் பற்றி உங்கள் வீட்டில் கேட்டுக்கொள்ளுங்கள். சேர்க்கலாம் என்பதே என் கருத்து. ஆனால் கல்லின் இன்னொரு முகத்தில். கடலுக்குப் போனவன் தன் தொழிலுக்குப் போனான். போருக்குப் போனவனை இன்னொருவர் அனுப்பினார். கல்லைப் படிக்கிற பிள்ளைக்கு அந்த வித்தியாசம் தெரிய வேண்டும்.

பெயர்களை இறந்த வருஷ வரிசையில் வெட்டுங்கள். பதவி வரிசை வேண்டாம், தெரு வரிசை வேண்டாம், சாமி வரிசை வேண்டாம். கோயில்காரன், மாதா கோயில்காரன், பள்ளிவாசல்காரன் மூவரும் ஒரே கல்லில், வருஷம் எப்படி விழுகிறதோ அப்படி. இன்னார் மகன் என்று போடும்போது தாயின் பெயரையும் போடுங்கள். காத்திருந்தவள் அவள். பெயர் கிடைக்கவே இல்லையென்றால் தெரிந்ததை எழுதுங்கள்: இன்ன தலைக்கட்டு, பஸ்ரா போனவர், பெயர் தெரியவில்லை. அந்த ஒரு வரியை எண்ணாக மாற்றிவிடாதீர்கள். அடியில் கொஞ்சம் வெறும் இடமும் விடுங்கள். விட்டுப்போன பெயர் பிற்பாடு கிடைத்தால் சேர்ப்பதற்கு. இனிச் சாகப்போகிறவர்களுக்கு என்று நினைத்து யாரும் அந்த இடத்தை விட வேண்டாம்.

நன்கொடை கொடுத்தவர்கள் பெயர் கல்லில் வேண்டாம். நம் ஊரில் ட்யூப்லைட் பட்டையில்கூட 'உபயம்' எழுதும் பழக்கம் இருக்கிறது. கோயில் விளக்குக்கு அது சரி. இந்தக் கல்லில் செத்தவர் பெயரைத் தவிர வேறு எந்தப் பெயரும் ஏறக் கூடாது. திறந்து வைப்பவர் பெயரும் கூடாது. கொடுத்தவர்களின் பெயரை ஊர்க் கணக்குப் புத்தகத்தில் அழகாக எழுதி வையுங்கள், அதில் ஒரு குறையும் இல்லை.

எழுத்தைப் பெயிண்டில் எழுதாதீர்கள், இரண்டு ஐப்பசி மழை தாங்காது. பித்தளை எழுத்து பதித்தால் உப்புக்காற்றில் பச்சை பூத்துவிடும், இரும்பு ஆணி துருவேறிக் கல்லைப் பிளக்கும். கருங்கல்லில் ஆழமாக உளியால் வெட்டச் சொல்லுங்கள், கல்தச்சரைக் கூட்டிப்போய் டச்சுக்காரன் கல்லைக் காட்டி 'இவ்வளவு ஆழம்' என்று சொல்லுங்கள். ஏரி 1980 முதல் பறவைகள் சரணாலயம், கரைக்கு மேல் கடற்கரை ஒழுங்குமுறைச் சட்டம் வேறு இருக்கிறது. இருட்டோடு இருட்டாகக் கட்டிவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். ஊராட்சியில் எழுதிக் கொடுத்து முறையாக அனுமதி வாங்குங்கள். என்னைக் கேட்டால் பள்ளிக்கூடம் பக்கம்தான் நல்ல இடம். எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகுகிற குழந்தை முதலில் படிக்கும் பெயர்களாக அவை இருக்கட்டும்.

ஒருமுறை நந்தம்பாக்கத்துக்கும் போய் வாருங்கள். மவுண்ட் பூந்தமல்லி சாலையில் இருக்கிறது போர்க் கல்லறை, இரண்டாம் உலகப் போரில் இறந்த 856 பேருடையது. பின்பக்கம் முதல் உலகப் போரில் இறந்து, நாட்டின் பல மூலைகளில் புதைக்கப்பட்டு, கல்லறையைப் பராமரிக்க முடியாமல் போன ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களின் பெயரும் இருக்கிறது. கற்களெல்லாம் ஒரே அளவு, பெயரும் வயதும் போட்டிருக்கும். 19, 20, 22 என்று வயதைப் படித்துக்கொண்டே நடந்து பாருங்கள். உங்கள் வயதுதான். போர் வேண்டும், அடிக்க வேண்டும் என்று கைப்பேசியில் எழுதுகிறவர்கள் அங்கே போய் ஒரு மணி நேரம் நடந்துவிட்டு வந்து எழுதட்டும்.

இப்போது காலம் மாறியிருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். டெல்லியில் 2019 பிப்ரவரி 25இல் திறந்த தேசியப் போர் நினைவிடத்தில் சுதந்திரத்துக்குப் பிறகு இறந்த 25,000 பேருக்கு மேற்பட்டவர்களின் பெயரைக் கருங்கல்லில் ஆளுக்கொரு பலகையாகப் பொறித்திருக்கிறார்கள். 2020 ஜூன் 15 இரவு கல்வான் பள்ளத்தாக்கில் இறந்த ஹவில்தார் பழனியின் உடல் ராமநாதபுரம் மாவட்டத்துக் கடுக்கலூருக்கே வந்தது, ஊர் மண்ணில் இடம் கிடைத்தது, வீர் சக்ரா விருதும் அவர் பெயருக்கு வந்தது. இனி ஒருவர் பெயர் காணாமல் போவது கஷ்டம். முன்னால் போனவர்கள் விஷயத்தில்தான் ஊர் இறங்கி வேலை செய்ய வேண்டியிருக்கிறது. அதை எந்த அரசாங்கமும் வந்து செய்து தராது.

கல் நட்டாயிற்று என்று விட்டுவிடவும் கூடாது. வருஷத்தில் ஒரு நாள் எல்லாப் பெயரையும் உரக்கப் படியுங்கள். பேச்சாளர் வேண்டாம், மைக் செட் வேண்டாம். பள்ளிப் பிள்ளைகள் ஆளுக்கொரு பெயராகப் படித்தால் போதும், கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். டிசம்பர் 7 படைவீரர் கொடிநாள், 1949 முதல் நாடு முழுக்க இருக்கிறது, அந்த நாளை எடுத்துக்கொள்ளலாம். கல்லைக் கழுவுவதையும் விளக்கு வைப்பதையும் பாட்டு முறை மாதிரியே தலைக்கட்டு வாரியாகப் பிரித்துவிடுங்கள்.

வருகிற கொடிநாளுக்குள் பட்டியல் முடியட்டும். வருகிற ஞாயிற்றுக்கிழமையே இரண்டிரண்டு பேராக நோட்டுப் புத்தகத்தோடு கிளம்புங்கள், எண்பது தாண்டிய பாட்டிகள் வீட்டிலிருந்து தொடங்குங்கள். பட்டியலை என்னிடம் கொண்டுவந்து காட்டினால் எழுத்துப் பிழை பார்த்துத் தருகிறேன். கல்லுக்கு என் பங்குப் பணமும் அன்றைக்குத்தான்.